மூன்றாம் முறை விற்கப் போன வண்டி

என் வீட்டுக்காரர் ஒரே காரை இரண்டு முறை விற்கப் போய், இரண்டு முறையும் அதே காரில் வீடு திரும்பியவர். மூன்றாம் முறையும் அவரைத் தனியாக அனுப்ப எனக்கென்ன கிறுக்கா? அதனால்தான் போன கோடை விடுமுறையில், ஊரெல்லாம் ஊட்டிக்கும் வால்பாறைக்கும் குளிர் தேடிப் போய்க்கொண்டிருந்தபோது, நான் ஏசி இல்லாத ஒரு கிழட்டுக் காரில் ஏறி, நாக்பூர் வெயிலைத் தாண்டி, குவாலியர் வரைக்கும் போனேன். வண்டியை ஒப்படைப்பது அவர் வேலை. அவர் ஒப்படைக்கிறாரா என்று பார்ப்பது என் வேலை.

நான் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். முப்பது வருடமாக விடைத்தாள் திருத்திப் பழகியதால், யார் எதைச் சொன்னாலும் முதலில் எங்கே தப்பு என்றுதான் பார்ப்பேன். வீட்டுக்காரருக்குக் கோயமுத்தூர் கணபதியில் லேத் பட்டறை. தண்ணீர் மோட்டாருக்கு வேண்டிய சாமான்களைக் கடைந்து கொடுக்கிற தொழில். கையில் ஏதாவது ஒரு இரும்புத் துண்டு இல்லாமல் அவரை நான் பார்த்ததில்லை. என்னைப் பெண் பார்க்க வந்த அன்றைக்கும் சட்டைப் பையில் ஒரு நட்டு இருந்ததாம். பிற்பாடு அவரே பெருமையாகச் சொன்னார்.

காரின் கம்பெனிப் பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் அவர் எங்கிருந்தாவது வந்து அதன் வம்ச வரலாற்றை ஆரம்பித்துவிடுவார். சீமையில் செய்து கப்பலில் வந்தது, உருண்டை முகம், பால் வெள்ளை. அவ்வளவு போதும். பல்லடம் பக்கம் ஒரு கோழிப்பண்ணையில் அது நின்றிருந்தது. பின் சீட்டில் இரண்டு கோழிகள் அடை காத்துக்கொண்டிருந்தன. பண்ணைக்கு மோட்டார் பார்க்கப் போனவர், மோட்டாரை விட்டுவிட்டு காரைப் பார்த்தார். அன்று பொழுதோடு ஒரு டெம்போவில் ஏற்றிக்கொண்டு வந்து எங்கள் வீட்டு ஷெட்டில் இறக்கினார்.

"ஒரு ஆறு மாசம் பொறுத்துக்க டீச்சர். ரெடி பண்ணி வித்துப்போடறேன்" என்றார்.

ஆறு வருடம் ஆயிற்று.

ஐம்பது வருடத்துக்கு முன்னால் தயாரிப்பே நின்றுபோன காருக்குச் சாமான் எங்கே கிடைக்கும்? ஆனால் கோயமுத்தூர்ப் பட்டறைக்காரரிடம் ஒரு சாமான் கிடைக்கவில்லை என்று சொல்வது, அவரை விருந்துக்கு அழைப்பது மாதிரி. "கெடைக்காட்டிப் போச்சாதுங்க, செஞ்சுக்கலாம்" என்பார். தண்ணீர் பம்ப், கதவுக் கீல், கண்ணாடியை ஏற்றி இறக்கும் பல்சக்கரம், எல்லாம் பட்டறையில் கடைந்தவைதான். கடைவதோடு விட்டால் பரவாயில்லை. பழைய கம்பெனிக்காரன் செய்த தப்பையும் சேர்த்துத் திருத்துவார். "வெள்ளக்காரன் இதை இரும்புல போட்டிருக்கறானுங்க, துருப் புடிச்சுப்போச்சு. நான் கன்மெட்டல்ல போட்டுட்டேன்" என்று யாராவது கேட்டாலும் சொல்வார், கேட்காவிட்டாலும் சொல்வார். வீட்டில் திருத்துகிற வேலை என்னுடையது என்று நினைத்திருந்தேன். அவர் சீமைக்காரனையே திருத்திக்கொண்டிருந்தார்.

வண்டி ரெடியானதும் முதலில் மைசூரில் ஒருவர் கேட்டார். இவர் ஓட்டிக்கொண்டு போனார், மறுநாளே ஓட்டிக்கொண்டு வந்துவிட்டார். கேட்டதற்கு, "அந்தாளு கதவை அறைஞ்சு சாத்தறானுங்க. அவங்கிட்ட எப்படிக் குடுக்கறது?" என்றார். அடுத்த வருடம் ஹைதராபாத். நான்கு நாள் கழித்து வாசலில் அதே ஹாரன். "செவப்புப் பெயிண்ட் அடிச்சு ஓட்டல் வாசல்ல நிறுத்தி வெப்பானாமா. எனக்கு மனசே வல்ல புள்ள." இவருக்கு வண்டியைப் பிரிய மனசில்லை, அதனால் வாங்குகிறவனிடம் நொட்டை கண்டுபிடிக்கிறார் என்று நான் முடிவு கட்டிவிட்டேன்.

அதற்குப் பிறகு எந்த விசேஷத்துக்குப் போனாலும் இந்தக் கதைதான். உடுமலைப்பேட்டையில் ஒரு கல்யாணத்தில், பந்திக்குக் காத்திருந்த ஒறம்பரை, சொந்தபந்தம் அத்தனை பேரையும் சுற்றி உட்கார வைத்து, அவர் மைசூரில் காரைக் கட்டிப் பிடித்துக்கொண்டு அழுததாக நடித்தே காட்டினேன். அழுத கட்டம் நானே சேர்த்தது. சனம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. அவரும் ஓரமாக உட்கார்ந்து சிரித்தார். "பொண்ணைக் கட்டிக் குடுத்துட்டு மறுநாளே கூட்டிட்டு வந்த மாதிரியில்லீங்களா" என்று அவரே எடுத்தும் கொடுத்தார்.

இதெல்லாம் சிரிப்பாக இருந்தது, என் அம்மா வழுக்கி விழும் வரைக்கும்.

அம்மா அந்தியூரில் தனியாக இருப்பவள். துணி துவைக்கிற இடத்தில் வழுக்கி இடுப்பு எலும்பு முறிந்துவிட்டது. கோயமுத்தூரில் ஆப்பரேஷன் செய்து ஸ்டீல் மூட்டு வைத்தார்கள். இனிமேல் மாடிப்படி ஏறக்கூடாது என்றார் டாக்டர். எங்கள் வீட்டில் படுக்கும் அறைகள் எல்லாம் மாடியில். கீழே ஆசாரம், சமையல்கட்டு, குளியலறை, அப்புறம் ஷெட். ஆசாரம் என்றால் நாலு பேர் வந்து உட்காருகிற கூடம். அங்கே கட்டில் போடுகிறேன் என்றேன். "நடு ஆசாரத்துல என்னைக் கெடத்தி, வாரவன் போறவனெல்லாம் பாக்கறதுக்கா? எனக்குன்னு ஒரு கதவு வேணும் அம்மணி. அதுவரைக்கும் நான் என்ர ஊட்லயே இருந்துக்கறேன்" என்று சொல்லிவிட்டு வாக்கரோடு அந்தியூர் போய்ச் சேர்ந்தாள். துணைக்கு வைத்த மூன்று பெண்களையும் ஒவ்வொரு குற்றம் சொல்லித் துரத்தினாள்.

தினமும் காலையில் ஆறு மணிக்கு நான் போன் செய்வேன். மூன்றாவது மணியில் எடுக்காவிட்டால் பக்கத்து வீட்டுக்காரரின் எண்ணைத் தேடுவேன்.

ஷெட்டுக்கு மூன்று பக்கமும் சுவர் இருந்தது. நாலாவது சுவரும் கதவும் வைத்துவிட்டால் அறை. கார் போனால் அம்மா வருவாள், கணக்கு அவ்வளவுதான். வண்டியைத் தெருவில் நிறுத்துங்கள் என்று சொல்லிப் பார்த்தேன். "ஒரே ஒரு மாசம் பொறு. அத்தைக்காகவாவது இந்தத் தடவை வித்துப்போடறேன்" என்றார். குவாலியரில் ஒருவரைப் பிடித்தார். ஓய்வு பெற்ற பெரிய அதிகாரி, வீட்டில் பன்னிரண்டு பழைய கார் வைத்திருப்பவர். போனில் படம் பார்த்துச் சம்மதம் சொல்லிவிட்டார். வண்டி தன் சக்கரத்தில் ஓடி வரவேண்டும் என்பது மட்டும் அவர் நிபந்தனை. வீட்டுக்காரருக்கு அது தேன் குடித்த மாதிரி. "ஓடற வண்டிய லாரியில ஏத்தறது, நடக்கற மனுசனை ஸ்ட்ரெச்சர்ல தூக்கிட்டுப் போறாப்லங்க" என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

கிளம்ப முடிவான நாள் செவ்வாய்க்கிழமை. வடக்கே சூலம். அம்மா போனிலேயே தடை போட்டாள். அதனால் திங்கட்கிழமை மாலையே வண்டியை எடுத்து, சக்கரத்தில் எலுமிச்சம்பழம் நசுக்கி, இரண்டு தெரு தள்ளி இருக்கும் பிள்ளையார் கோயில் வாசலில் நிறுத்திவிட்டு, வீட்டுக்கு நடந்து வந்து இட்லி சாப்பிட்டுத் தூங்கினோம். பிரயாணம் திங்கட்கிழமையே தொடங்கிவிட்டதாகக் கணக்கு. இப்படிப்பட்ட கணக்குக்கு நான் மதிப்பெண் போடுவதில்லை. ஆனால் அன்றைக்கு வாயைத் திறக்கவில்லை. வண்டி விற்றால் சரி.

சேலத்திலிருந்து குவாலியர் வரைக்கும் ஒரே சாலை. திருப்பமே கிடையாது, நேராகப் போக வேண்டியதுதான். எனக்குப் பயமெல்லாம் நடுவில் யூ-டர்ன் போடுவதற்கு விட்டிருந்த இடைவெளிகளைப் பார்த்துத்தான். ஒவ்வொன்று வரும்போதும் அவர் கையைப் பார்ப்பேன். "என்ன பாக்கற?" என்பார். "ஒண்ணுமில்லைங்க" என்பேன்.

எட்டு நாள் போனோம். விடியற்காலையில் கிளம்பி, வெயில் ஏறுவதற்குள் எங்காவது தங்குவோம். எந்த மாநிலத்துக்குப் போனாலும் அவர் பேசியது கொங்குத் தமிழ்தான். அனந்தப்பூர் தாண்டியதும் மரியாதைக்காகக் கடைசியில் ஒரு 'ஜி' சேர்த்துக்கொண்டார். "ஏனுங்க ஜி, இந்த ரோடு நிர்மலுக்குப் போகுதுங்களா ஜி?" கேட்டவர்கள் எல்லாரும் சரியாகத்தான் வழி சொன்னார்கள். நானும் நோட்டுப் போட்டு இந்தி படித்தவள்தான், நான் கேட்ட இடத்தில் மட்டும் இரண்டு முறை தப்பான வழி கிடைத்தது. ஒரு போலீஸ்காரர் கையைக் காட்டி நிறுத்தி, லைசென்ஸ் கேட்காமல் காரோடு நின்று படம் எடுத்துக்கொண்டு அனுப்பினார். இவர் அவருக்குப் பம்பைக் காட்டினார்.

நாக்பூர் தாண்டி சியோனி காட்டு ஏற்றத்தில் வெயில் நெருப்பாக இருந்தது. புத்தம்புது கார்கள் இரண்டு பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு ஆவி விட்டுக்கொண்டு நின்றன. எங்கள் கிழவி முணுமுணுத்துக்கொண்டே ஏறினாள். அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. என்னைத் திரும்பிப் பார்க்கவும் இல்லை. கழுத்து மட்டும் ஒரு அங்குலம் உயர்ந்தது. "தெரியுதுங்க, உங்க பம்ப்புதான்" என்றேன். "நான் ஒண்ணும் சொல்லலியே" என்றார். அப்போது டேஷ்போர்டின் இடுக்கிலிருந்து ஒரு கோழி இறகு பறந்து வந்து என் மடியில் விழுந்தது. இத்தனை சீர்திருத்தம் செய்தவர் அதை மட்டும் கோட்டை விட்டிருந்தார்.

சாகரில் வண்டியைக் கழுவினார். நான் குடிக்க வாங்கி வைத்திருந்த தண்ணீர் கேனையும் சேர்த்துக் கவிழ்த்துவிட்டார். திட்டினேன். "நாளானிக்கு அவங்க ஊட்டுக்குப் போற வண்டி, அழுக்கா குடுக்கலாமா?" என்றார். மனம் கொஞ்சம் இளகியது. இந்த முறை நிஜமாகவே கொடுத்துவிடுவார் என்று நம்பிக்கை வந்தது. அன்று சாயந்திரம் அம்மாவிடம் போனில், துணிமணியெல்லாம் எடுத்து வை என்று சொல்லலாமா என்று கூட நினைத்தேன். சொல்லவில்லை.

குவாலியர் வீடு பெரிய வீடு. அதிகாரி உயரமாக, வெள்ளை மீசையோடு, தோட்டத்தில் நின்று வரவேற்றார். சாப்பிடுகிறீர்களா என்று ஆங்கிலத்தில் கேட்டார். "வேண்டாங்க ஜி, இப்பத்தான் ஆச்சு" என்று இவர் கும்பிட்டார். காலையிலிருந்து ஆளுக்கு இரண்டு வாழைப்பழம்தான். எங்கள் பக்கத்தில் முதல் தடவை கேட்டவுடனே சரி என்று இலை முன்னால் உட்காருகிறவனைப் பஞ்சத்தில் அடிபட்டவன் என்பார்கள். இரண்டு முறை வேண்டாம் என்று சொல்லவேண்டும். மூன்றாம் முறை கையைப் பிடித்து இழுத்தால் போய் உட்காரலாம். கேட்பவருக்கும் அது தெரியும். அந்த மனிதருக்குத் தெரியவில்லை. "ஓ, நல்லது" என்று தலையாட்டினார். உள்ளேயிருந்து வந்துகொண்டிருந்த தட்டு அப்படியே திரும்பிப் போனது. பூரியின் வாசம் மட்டும் எங்களிடம் நின்றது.

பிறகு அதிகாரி கண்ணாடி மாட்டிக்கொண்டு, ஒரு சின்ன டார்ச்சோடு பானெட்டுக்குள் குனிந்தார். என் வீட்டுக்காரர் பக்கத்தில் நின்று காட்ட ஆரம்பித்தார்.

"இந்தப் பம்ப்புங்க ஜி, நம்ம பட்டறையில கடைஞ்சது. பழசு ஒண்ணுக்கும் ஆகாதுங்க. இந்தக் கீலு, இதுவும் நம்முளுதுதான். இங்க பாருங்க, இந்த பிராக்கெட்டை நான் ஒரு இஞ்சு எறக்கிப்போட்டேன். அவன் போட்டது தப்புங்க."

நான் மொழிபெயர்த்தேன். மொழிபெயர்க்க மொழிபெயர்க்க அந்த மனிதரின் முகம் வாடிக்கொண்டே போனது. ஒவ்வொரு சாமானுக்கும் ஒரே கேள்விதான் கேட்டார். "ஒரிஜினல் இல்லையா?" இவரும் ஒவ்வொரு தடவையும் சந்தோஷமாகத் தலையாட்டினார். "இல்லீங்க ஜி, அதைவிட நல்லது!"

நான் வகுப்பில் பார்த்திருக்கிறேன். சில பிள்ளைகள் கேட்காத கேள்விக்கு அருமையாகப் பதில் எழுதியிருக்கும்.

அதிகாரி நிமிர்ந்தார். டார்ச்சை அணைத்தார். என்னிடம் ஆங்கிலத்தில் மெதுவாகச் சொன்னார். "ஹைதராபாத் நண்பரும் இதைத்தான் சொன்னார், மேடம். வண்டியில் பாதி புதிதாகச் செய்தது, அதனால் திருப்பி அனுப்பிவிட்டேன் என்றார். அதற்கு முன்பு மைசூரிலும் அப்படித்தானாம். எங்களைப் போலப் பழைய கார் சேர்ப்பவர்கள் கொஞ்சம் பேர்தான், பேசிக்கொள்வோம். எதற்கும் நேரில் பார்த்துவிடலாம் என்று நினைத்தேன்."

நான் என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அந்த அளவு ஆங்கிலம் அவருக்குப் புரியும். அவர் ரேடியேட்டர் மூடியைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். துடைக்க அதில் ஒன்றுமே இல்லை.

பிறகு அவர் கும்பிட்டபடி சொன்னார். "உங்களுக்குத் திருப்தி இல்லைன்னா கட்டாயமில்லீங்க ஜி. நாங்க ஓட்டிட்டுப் போயிக்கறோம்." இதையும் நான்தான் மொழிபெயர்க்க வேண்டியிருந்தது. எங்கள் ஊரில் அப்படிச் சொன்னால், எதிரே இருப்பவர் பதறிப்போய், அட என்னங்க இவ்வளவு தூரம் வந்துபோட்டு, என்று ஆரம்பிக்க வேண்டும். அதிகாரியின் முகத்தில் பெரிய நிம்மதி தெரிந்தது. "மிக்க நன்றி. நீங்கள் உண்மையான கனவான்" என்று கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டார்.

எனக்கு வந்ததே கோபம். இரண்டாயிரம் கிலோமீட்டர், எட்டு நாள், திரும்பிப் போன பூரி, எல்லாம் சேர்ந்து வந்தது. "சார், அந்தச் சாமான்களால்தான் இந்த வண்டி இங்கே நிற்கிறது. ஒரிஜினலாக இருந்திருந்தால் தருமபுரி தாண்டியிருக்காது. என் அம்மாவுக்கு இடுப்பில் ஸ்டீல் மூட்டு. ஒரிஜினல் இல்லை என்று அவளை வேண்டாம் என்பீர்களா?" என்று கேட்டேன்.

அவர் கோபப்படவில்லை. "உங்கள் அம்மாவை நான் சேகரிக்கப் போவதில்லையே, மேடம்" என்றார். பிறகு காரின் கூரையில் கையை வைத்துக்கொண்டு சொன்னார். "இது அருமையான வண்டி. இதைச் செய்தவர் பெரிய கைக்காரர். ஆனால் இது அந்த வண்டி இல்லை."

அதில் தப்பு கண்டுபிடிக்க என்னால் முடியவில்லை.

ஊருக்கு வெளியே ஒரு பெட்ரோல் பங்க் நிழலில் நிறுத்தினோம். இரண்டு தட்டு பூரி வாங்கி வந்தார். இரண்டு பேரும் காருக்குள்ளேயே உட்கார்ந்து சாப்பிட்டோம். நான் பாதியிலேயே தட்டைக் கீழே வைத்தேன். அம்மாவின் அறை போனது ஒரு பக்கம். இன்னொரு பக்கம் அந்த உடுமலைக் கல்யாணம். அவமானப்பட்டுத் திரும்பி வந்த மனிதனை நடுவில் உட்கார வைத்து, அவர் அழுத மாதிரி நடித்துக் காட்டியிருக்கிறேன். மூன்று வருடம். எத்தனை வீட்டில், எத்தனை விசேஷத்தில். வெட்கமாக இருந்தது. அவர் முகத்தைப் பார்க்கவே முடியவில்லை.

"ஏனுங்க எங்கிட்டச் சொல்லல?" என்றேன்.

பூரியைப் பிய்த்துக்கொண்டே இருந்தார். "பிரிய மனசில்லாம திரும்பி வந்துட்டான்னு நீ சொல்லிச் சிரிக்கையில, கேக்க நல்லாத்தான் இருந்துச்சு. வேண்டாம்னு தாட்டி உட்டுப்போட்டாங்கன்னு சொல்லியிருந்தா நீ சிரிச்சிருக்க மாட்ட. பாவம்னு பாத்திருப்ப. அது எனக்கு வேண்டாம்."

திரும்பி வரும் எட்டு நாளும் நான் அவரைக் கிண்டல் செய்யவில்லை. அனந்தப்பூரில் அவரே கேட்டார், "ஒடம்பு கிடம்பு சரியில்லையா?" என்று. அம்மா தினமும் போனில் "குடுத்தாச்சா அம்மணி?" என்று கேட்டாள். நேரில் வந்து சொல்கிறேன் என்று சொல்லிக்கொண்டே வந்தேன். எட்டு நாளும் யோசித்தும் என்ன சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

சேலத்திலிருந்து வீட்டுக்குப் போகாமல், பவானி வழியாக நேராக அந்தியூர் போனோம். காலை பத்து மணி இருக்கும். அம்மா வாக்கரைப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றாள். பால் ஊற்றுகிற அம்மாவும் பக்கத்து வீட்டுக்காரரும் எங்கள் வண்டியைப் பார்த்துக் கிட்டே வந்தார்கள். அம்மா முதலில் முறையாக வாங்க மாப்பிள்ளை என்றாள். அப்புறம் காரைப் பார்த்தாள்.

"மறுக்காவும் வந்துருச்சாட்ட இருக்குது?"

அவர் தலையைக் குனிந்தார். என் வாய் முந்திக்கொண்டது. "நான்தாம்மா வேண்டான்னுட்டேன். இவரு குடுக்கத்தான் பாத்தாரு. எனக்குத்தான் மனசு வல்ல."

சொல்லி முடித்த பிறகுதான் அதன் விலை தெரிந்தது. அம்மா என்னையே பார்த்தாள். பெற்றவளை விட்டுவிட்டு வண்டியை வைத்துக்கொண்ட மகளாக நான் அங்கே நின்றுகொண்டிருந்தேன்.

"அப்படீங்களா" என்றாள். "செரிங்க. உங்க ஊடு, உங்க இஷ்டமுங்க."

என்னை 'ங்க' போட்டுப் பேசினாள். பெற்ற மகளுக்கு மரியாதை கொடுத்துவிட்டால், எங்கள் பக்கத்தில் அதற்கு மேல் திட்டு கிடையாது. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. சொன்னதை மாற்றிச் சொல்லவும் மனம் வரவில்லை.

"அவ சொல்றது பொய்யிங்க அத்தை."

அவர்தான். காரை விட்டு நகர்ந்து, வாசற்படிக்குக் கீழே வந்து நின்றிருந்தார். "வாங்க மாட்டேன்னுட்டாங்க. மைசூர்க்காரரும் வேண்டாம்னாருங்க, ஹைதராபாத்துக்காரரும் வேண்டாம்னாருங்க, இப்ப இவரும் வேண்டான்னுட்டாரு. நான் செஞ்ச சாமான் எதுவும் அவியளுக்கு ஆகலீங்க. வெளிய சொல்ல வெக்கப்பட்டுட்டு ஏதேதோ சொல்லித் திரிஞ்சனுங்க. இவ மேல தப்பில்ல. ஷெட்டை நாளைக்கே காலி பண்ணிர்றேன். வண்டி தெருவுல நிக்கட்டுங்க."

பால்கார அம்மா சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு நின்றாள். பக்கத்து வீட்டுக்காரர் வேறு பக்கம் பார்த்தார். எனக்கு அவர் பக்கத்தில் போய் நிற்கவேண்டும் போல் இருந்தது. போய் நின்றேன்.

அம்மா வாக்கரை என் பக்கம் திருப்பினாள். பிறகு என்னிடம் சொன்னாள். "உள்ள என்ர பொட்டி இருக்குது. எடுத்து வண்டியில வையி அம்மணி."

"அறை இன்னும் கட்டலையேம்மா. எப்படியும் ஒரு மாசம் ஆகும்."

"ஆசாரத்துல படுத்துக்கறேன்."

"மாட்டேன்னு சொன்னயே?"

"சொன்னேன். மாப்பிள்ளை இத்தன பேரு முன்னால நின்னு அதைச் சொல்லிப்போட்டாரு. ஆசாரத்துல படுத்தா நான் என்ன கொறைஞ்சா போயிருவேன்? போ, எடுத்துட்டு வா."

உள்ளே போனேன். கட்டிலுக்குப் பக்கத்தில் பெட்டி இருந்தது. இனிமேல்தான் துணி அடுக்க வேண்டும் என்று நினைத்துத் தூக்கினேன், கனத்தது. திறந்து பார்த்தேன். சேலைகள், மருந்துச் சீட்டு, சாமி படம், தலையணை உறை, எல்லாம் மடித்து அடுக்கி இருந்தன. அன்றைக்கு அடுக்கியதில்லை. மூடியின் மேல் என் விரல் பட்ட இடமெல்லாம் தூசியில் கோடு விழுந்திருந்தது. எத்தனை மாதமாக அந்தப் பெட்டி அப்படியே தயாராக இருந்ததோ தெரியாது. தினமும் காலையில் ஆறு மணிக்குப் பேசினோம். ஒரு நாள்கூட என்னைக் கூட்டிக்கொண்டு போ என்று அவள் கேட்டதில்லை.

வெளியே அவர் காரின் முன் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, அம்மாவின் காலை எப்படி உள்ளே வைப்பது என்று பால்கார அம்மாவிடம் யோசனை கேட்டுக்கொண்டிருந்தார். நான் பெட்டியை மூடித் தூக்கிக்கொண்டு, முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே போனேன்.